பிஸ்கட் லினக்ஸும் நாற்பத்தேழாம் தட்டும்

என் மேசையில் லேப்டாப்புக்கு வலப்பக்கம் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்கிக்கொண்டு நிற்குமே, அந்த வெள்ளைக் குமிழ்தான். சிறிய அளவு, கைக்குள் அடங்கும். அதன் தலையில் நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறது. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, பளபளவென்று இருக்கும். தட்டினால்தான் குட்டு வெளிப்படும். நல்ல பீங்கான் ‘டிங்’ என்று மணியாகப் பேசும். இது ‘டொக்’ என்று ஒரே சத்தத்தோடு வாயை மூடிக்கொள்ளும். உள்ளே எங்கோ மயிரிழை விரிசல். துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் இதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பீங்கான் ஊரில் குடியிருந்துகொண்டு உடைந்ததைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்பார். நான் அதை வாங்கி மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

இந்த வாரம் அதன் மேல் ஒரு பென்டிரைவ் சாய்ந்துகிடக்கிறது. அதற்குள் ஒரு லினக்ஸின் புதிய பீட்டா இருக்கிறது. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள். அதில் பல ரகம் உண்டு. நான் சொல்கிற ரகம் பூட்டுகளைச் சோதிப்பதற்கென்றே கட்டப்பட்டது. வாசல் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா, கொல்லைப்புறத் தாழ்ப்பாள் ஆடுகிறதா என்று திருடன் வருவதற்கு முன்னால் நாமே தட்டிப் பார்ப்பதற்கான சாமான்கள் எல்லாம் அதில் வரிசையாக அடுக்கியிருக்கும். பீட்டா என்றால், இன்னும் முழுதாக முடியவில்லை, உள்ளே தவறுகள் இருக்கும், கண்டால் சொல்லுங்கள் என்று அறிவித்துவிட்டு வெளியே விடுகிற பதிப்பு. சில வருடங்களுக்கு முன் இதே லினக்ஸின் வேறொரு பீட்டாவைத்தான் நான் முதன்முதலில் ஓட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் திரையின் நிறம், மெனு, வேகம் என்றெல்லாம் சொல்லத் தொடங்குவேன். இரண்டாவது வாக்கியத்திலேயே பேச்சு டொக்கு அக்காவிடம் போய் நின்றுவிடும்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் வேலை பார்த்தேன். இன்சுலேட்டரும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிற ஆலை. என் பதவிக்குப் பெயர் எதுவும் இல்லை. எல்லாரும் ‘கம்ப்யூட்டர் மேடம்’ என்பார்கள். திட்டக்குடியில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சேர்ந்த முதல் நாள் ஒருவர் ஓடி வந்து, பிஸ்கட் ஒரு வண்டி அப்படியே சரிந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னபோது, டீக்கு வாங்கிய பிஸ்கட்டுக்கா இவ்வளவு பதற்றம் என்று நினைத்தேன். ஒருமுறை மட்டும் சுட்டு, மேல்பூச்சு ஏற்றாமல் இருக்கிற பீங்கானுக்குத்தான் அங்கே பிஸ்கட் என்று பெயர். அதன் பிறகு கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைக் கொடுத்து இரண்டாம் முறை சுடுவார்கள். அந்த பிஸ்கட் கதையைச் சொல்லிச் சொல்லி என்னை ஆறு மாதம் கிண்டல் செய்தவர்களில் முதல் ஆள் டொக்கு அக்காதான்.

அவர் சோதனை மேசைக்காரர். சூளையிலிருந்து இறங்கிய சரக்கு பன்னிரண்டு பன்னிரண்டாகத் தட்டுகளில் வரும். ஒரு சின்ன மரச்சுத்தியால் ஒவ்வொன்றையும் தட்டிக் காதால் பார்ப்பது அவர் வேலை. பன்னிரண்டும் மணியாகப் பேசினால் ‘ஓக்கே’. ஒன்று மக்கர் செய்தாலும் தட்டு முழுவதும் ‘டொக்கு’. தனியே எடுத்துவைத்து மறுபடி பார்க்க வேண்டும். நாள் முழுக்க அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டிருந்ததால் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தெருவில் ஓட்டை வண்டிக்கும் ஓடாத ஃபோனுக்கும் சொல்கிற சொல் என்று அவருக்குத் தெரியாதா என்ன, சிரித்துக்கொள்வார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் முதலாளி உட்பட எல்லாருக்கும் அக்கா. எங்கள் திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் வீட்டுக்காரருக்குக் கான்ட்ராக்டில் கரண்ட் கம்பம் ஏறுகிற வேலை. அதனால்தானோ என்னவோ, சந்தேகம் வந்தால் ஒரே இன்சுலேட்டரை நாலு பக்கமும் தட்டுவார். இதை நம்பித்தான் ஒருத்தர் மேலே ஏறுகிறார் என்று ஒருமுறை சொன்னார். அதை அவர் பெரிய வசனமாகச் சொல்லவில்லை, சுத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கை தவறிக் கீழே போட்டவரோ, விளிம்பைச் சுவரில் இடித்தவரோ, தானே அதை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து இது டொக்கு என்று சொல்லிவிட்டால் திட்டு கிடையாது. மறைத்துத் தட்டுக்குள் செருகி, மேசையில் அகப்பட்டால் அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் முதலாளிகூட அதை மீறியதில்லை.

நான் வந்து சேரும்வரை அக்கா விரிசல் விட்ட பீங்கானில் நீலப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவார். என் பங்குக்கு ஆலையை முன்னேற்ற வேண்டாமா? ஆர்டர், தட்டு எண், சோதனை முடிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அதன்பின் பென்சில் வேண்டாம் என்றாயிற்று. அக்கா தட்டிப் பார்த்துத் தட்டு எண்ணையும் முடிவையும் குரலெடுத்துச் சொல்வார்; நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பெண் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்; சாயங்காலம் அச்சாகிற பட்டியலைப் பார்த்துப் பேக்கிங்கில் பெட்டி கட்டுவார்கள். பட்டியலின் கீழே, சோதித்தவர் என்று அக்காவின் பெயர் தானாக விழும்.

“கோடு போட்டா கண்ணுக்குத் தெரியும் மேடம். என் வாய் சொன்னது யாருக்குத் தெரியும்?” என்று அக்கா கேட்டார்.

கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் சரக்கு வாங்கிய கான்ட்ராக்டரிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. கம்பத்தில் மாட்டுவதற்கு முன் அவருடைய ஆள் ஒருவர் தட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு பீங்கான் சரியில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைப் பார்த்து அனுப்பியது யார் என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த சீட்டில் தட்டு எண் நாற்பத்தேழு. என் புரோகிராமைத் திறந்தோம். நாற்பத்தேழு, ஓக்கே, சோதித்தவர் அக்கா. முதலாளி என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன்.

“நாப்பத்தேழு நான் டொக்குன்னுதான் சொன்னேன்,” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு தட்டு எப்படி நினைவிருக்கும் என்று முதலாளி கேட்டதற்கு, அந்தத் தட்டில் ஓரத்தில் இரண்டு அடுத்தடுத்து செத்த சத்தம் கொடுத்தன, அப்படி இரண்டு சேர்ந்து வருவது அபூர்வம் என்றார். மற்றவர்களுக்கு முகம் நினைவிருப்பதுபோல அவருக்குச் சத்தம் நினைவிருந்தது. நாங்கள் யாரும் அதை நம்பவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க அக்கா.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதலாளி கெட்டவர் இல்லை. கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தார். விவகாரம் தெளிவாகும் வரை மேசைக்கு வர வேண்டாம், கிளேஸ் தொட்டிப் பக்கம் நில்லுங்கள் என்றார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. அக்கா மரச்சுத்தியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவருடைய காதுதான் அவருடைய பெயர். அந்தப் பெயரில்தான் நாங்கள் கை வைத்திருந்தோம்.

இரண்டு நாள் அவர் என்னோடு சாப்பிட வரவில்லை. வழக்கமாக மதியம் இருவரும் சேர்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறப்போம்; என் வீட்டு மீன் குழம்புக்கும் அவர் வீட்டு வறுத்த வேர்க்கடலைத் துவையலுக்கும் பண்டமாற்று நடக்கும். தனியே உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. அக்கா தப்புச் செய்தார் என்று நிரூபிக்கும் ஆசை இல்லை. என் புரோகிராமில் தப்பே இல்லை என்று நிரூபிக்கும் ஆசை. இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது உறைக்கவில்லை. யாரும் உள்ளே புகுந்து மாற்றியிருக்க முடியாது என்று காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் அல்லவா? அதற்குத்தான் அந்தச் சோதனை லினக்ஸை இறக்கினேன். முடிந்த பதிப்பைப் போட்டால், வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த என் புது லேப்டாப்பின் வைஃபையை அது அடையாளமே காணவில்லை. புது பீட்டாவில் அந்த வசதி சேர்ந்திருக்கிறது என்று படித்து அதை எடுத்தேன்.

முதலாளியிடம் அனுமதி கேட்டேன். அடுத்தவர் வாசலைக் கேட்காமல் தட்டுவது குற்றம். சொந்த இடத்திலும் சொல்லிவிட்டுத்தான் தட்ட வேண்டும் என்று அந்த லினக்ஸின் அறிவிப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “நம்ம வூட்டுக் கதவை நாமதான தட்டுறோம், தட்டுங்க,” என்றார் முதலாளி. வெளியே வரும்போது அக்கா கிளேஸ் தொட்டியருகில் கையெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தார். என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். பீட்டா என்றால் என்ன என்று கேட்டார். இன்னும் முழுசாக முடியாதது, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதற்காக விட்டிருக்கிறார்கள் என்றேன்.

“அப்ப அது இன்னும் பிஸ்கட்டுன்னு சொல்லுங்க,” என்றார். “பிஸ்கட்டுல தண்ணியத் தொட்டு வெச்சா விரிசல் கறுப்பாத் தெரிஞ்சிடும் மேடம். கிளேஸ் ஏத்திட்டா ஒளிஞ்சிக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, வாட்ச்மேன் மட்டும் இருந்த ஆலையில் பென்டிரைவைச் செருகி லேப்டாப்பைத் திறந்தேன். கன்னங்கரேலென்று ஒரு திரை வந்தது. நுழைவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் எல்லாருக்கும் ஒன்றுதான், அறிவிப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். பூட்டுக் கடைக்கே பூட்டு இல்லையா என்று சிரித்துக்கொண்டேன். கடிகாரம் ஏதோ வேற்று நாட்டு நேரத்தைக் காட்டியது. வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று திரை கண்ணைப் பறித்தது. மெனுவைத் திறந்தால் கருவிகள் வந்துகொண்டே இருந்தன, புதுப் பெண்ணுக்கு மாமியார் வீட்டுச் சொந்தக்காரர்களைக் காட்டுகிற மாதிரி. ஒருமுறை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட, தமிழ் கந்தலாகிக் கிடந்தது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று மூன்று பேரும் பேசிக்கொள்ளாமல் நின்றார்கள். ஒரு மூலையில் சின்னதாக ஒரு பெட்டி வந்தது: எங்காவது உடைந்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் பாதிப் பேர் பூட்டைச் சோதிப்பதற்கு நம்புகிற மென்பொருளைக் கட்டுகிறவர்கள், தங்கள் சரக்கில் விரிசல் இருக்கும் என்று முதல் வரியிலேயே எழுதுகிறார்கள். நான் என் புரோகிராமை ஒரு நாள்கூட பிஸ்கட்டாக வைத்து யாருக்கும் காட்டவில்லை. எழுதினேன், நேராகக் கிளேஸ் ஏற்றினேன்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். முதலில் ஆலையின் வைஃபையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு கருவியால் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி ஓர் எண் உண்டு; வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே நிரந்தரமாகக் கொடுத்துவைத்தவை; பிறகு வந்த மெஷின்களுக்குத் தானாக ஓர் எண் விழும், அதுவும் மாறாது. பிரிண்டர், கேமரா, முதலாளி அறைக் கம்ப்யூட்டர், பதினொன்றாம் எண்ணில் என்ட்ரி போடும் பெண்ணின் கம்ப்யூட்டர் என்று வரிசையாக வந்தன. அடுத்ததாக என் புரோகிராமின் வாசலைத் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியோடு நாலு எழுத்தைப் போட்டதும் கதவு திறந்துகொண்டது. வாட்ச்மேன் வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் நான் என் சொந்தப் புரோகிராமுக்குள் திருடியாக நின்றேன். வைஃபை கிடைக்கிற யாரும் எந்தத் தட்டையும் ஓக்கே ஆக்கலாம், டொக்கு ஆக்கலாம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, எனக்கு அன்றுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்ற என் வாக்கு அத்தோடு போயிற்று.

ஆனால் அதற்குள் இன்னொரு ஆசை எட்டிப் பார்த்தது. யாரோ புகுந்து மாற்றியிருக்கிறார்கள் என்றால் அந்தக் கையைக் கண்டுபிடித்துவிடலாம். அக்காவும் தப்புவார், நானும் தப்புவேன். யார் யார் எந்த எண்ணிலிருந்து வந்து என்ன எழுதினார்கள் என்ற பதிவு உள்ளே தனியாக இருக்கும். அதைத் திறந்தேன். நாற்பத்தேழாம் தட்டை யாரும் மாற்றியிருக்கவில்லை. ஒரே ஒருமுறை எழுதப்பட்டிருந்தது, ஓக்கே என்று. எழுதிய மெஷினின் எண் இருபத்துமூன்று. பதினொன்று அல்ல. அன்றைக்கு ஏறிய தட்டு எல்லாமே இருபத்துமூன்றிலிருந்து. யார் அந்த இருபத்துமூன்று? முதலில் எடுத்த பட்டியலுக்குத் திரும்பிப் போனேன். கடைசி வரியில் இருந்தது. பக்கத்தில், இந்த மெஷின் என்று போட்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அந்த நாள் முழுதாக நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை. என்ட்ரி போடும் பெண் தன் கூடப்பிறந்தவளின் மகள் சடங்குக்கு லீவு. அவள் கம்ப்யூட்டர் வேறு புகைந்து நின்றுவிட, என் லேப்டாப்பைக் கொண்டுபோய் மேசையருகில் வைத்து நானே என்ட்ரி போட்டேன். திரையில் வெளிச்சம் அடித்ததால் அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. இடையில் வீட்டுக்காரர் துபாயிலிருந்து பேசினார்; ஒரு காதில் அவர், ஒரு காதில் அக்கா. அக்கா டொக்கு என்றிருக்கிறார். கம்ப்ரஸர் முதல் எழுத்தைத் தின்றுவிட்டது. எனக்கு ஓக்கே என்று கேட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். நான் சொன்ன பொய்யை அது பத்திரமாக வைத்திருந்தது.

ஆலை அமைதியாக இருந்தது. அந்தப் பதிவில் ஒரு வரியை அழிக்க எனக்குச் சில நொடிகள் போதும். யாரோ வெளியிலிருந்து புகுந்துவிட்டார்கள் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். புகுந்து காட்டவும் முடியும். இந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. கீழே போட்ட பீங்கானைத் தட்டுக்குள் செருகுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை, முதலாளி அறைக்குப் போகாமல் நேராகச் சோதனை மேசைக்குப் போனேன். முதலாளியையும் அக்காவையும் அங்கே வரச் சொன்னேன். லேப்டாப்பை மேசைமேல் வைத்து, “இது டொக்குங்க. என் புரோகிராமும் டொக்கு, என் காதும் டொக்கு,” என்றேன். மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். முதலாளிக்கு மேற்கோள் குறி, எண், பதிவு எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. டொக்கு எப்படி ஓக்கே ஆகும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்ரஸரைப் போடச் சொன்னார். “மேடம், அன்னைக்கு உக்காந்த மாதிரி முதுகைக் காட்டி உக்காருங்க,” என்றார். உட்கார்ந்தேன். அவர் மேசையிலிருந்து பத்து முறை கூவினார்; ஒவ்வொன்றையும் நான் தாளில் எழுதினேன். முதலாளி அவர் பக்கம் நின்று தனியாக எழுதிக்கொண்டார். ஒத்துப் பார்த்தோம். பத்தில் மூன்றை நான் தப்பாக எழுதியிருந்தேன், மூன்றுமே டொக்கை ஓக்கே ஆக்கியவை. வேடிக்கை பார்த்த பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், பிறகு சட்டென்று முகம் மாறியது. அப்படியானால் அன்றைக்கு ஏறிய மற்ற தட்டுகள்?

முதலாளி ஃபோனை எடுத்துக் கான்ட்ராக்டரிடம், அந்த நாள் சரக்கில் எதையும் கம்பத்தில் ஏற்ற வேண்டாம் என்றார். சில பெட்டிகள் எங்கள் கோடவுனிலேயே இருந்தன. சில வேப்பூரில் லாரி மாற்றுவதற்காக இறக்கி வைத்திருந்த இடத்திலிருந்து திரும்பி வந்தன. அக்கா மறுபடி மேசைக்கு வந்து மரச்சுத்தியை எடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினார். நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். கம்ப்ரஸரை நிறுத்திவைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் இன்னொரு தட்டில் ஒரு பீங்கான் டொக்கென்றது. அக்கா அதைக் காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை தட்டினார். பிறகு இடுப்பில் செருகியிருந்த நீலப் பென்சிலை எடுத்துப் பெருக்கல் குறி போட்டார். இத்தனை மாதம் அந்தப் பென்சிலை அவர் விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

கான்ட்ராக்டருக்குப் போகிற பதிலில் என் பெயரைப் போடச் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன் என்றேன். முதலாளி யோசித்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்கு முன்னால் அக்கா பேசிவிட்டார்.

“தானா கொண்டாந்த டொக்குக்கு திட்டு கெடையாதுங்க,” என்றார். முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, குறி போட்ட அந்த இன்சுலேட்டரை நீட்டினார். “இதை நீங்க வெச்சுக்குங்க மேடம்.”

அழுதேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சாப்பாட்டு நேரம் ஆயிற்று, மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டார். மூன்று நாளாக நான் மீனே வாங்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமாகச் சொல்லக்கூடியவை. பென்சில் திரும்பி வந்தது. அக்காவின் கைக்கருகிலேயே பச்சை, சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள் வைத்தோம்; அவர் காதுக்கும் பதிவுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லாமல் அவரே அழுத்தினார். புரோகிராமின் வாசலை அடைத்து, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்து, மூன்று மாதம் அதற்கு பிஸ்கட் என்றே பெயர் வைத்தேன். யார் எந்தக் குறை சொன்னாலும் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதலாம். முதல் பக்கம் முழுக்க அக்காவின் கையெழுத்துதான். அந்த லினக்ஸ்காரர்களுக்கும் நான் எழுதினேன்: தமிழ் எழுத்து உடைகிறது. எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் நன்றி சொல்லி, சோதித்துப் பார்க்க ஒரு வரி தமிழ் அனுப்ப முடியுமா என்று கேட்டார். ‘டொக்குன்னா டொக்குன்னு சொல்லணும்’ என்று அனுப்பினேன். முழுப் பதிப்பு வெளிவந்தபோது கொம்பும் காலும் சேர்ந்து நின்றன. ஆலை முழுக்கக் காட்டினேன். அக்கா திரையில் தன் வசனத்தைப் பார்த்துவிட்டு, அப்போ அவங்களும் கிளேஸ் ஏத்திட்டாங்க என்றார்.

பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் தன் புரோகிராமையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். அப்படியே ஒன்று இரண்டாகி, இப்போது அதுவே என் தொழில். விருத்தாசலத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத ஊர்களின் கதவுகளை, கேட்டுவிட்டுத் தட்டுகிறேன். அக்கா இன்றைக்கு அதே ஆலையில் தரச் சோதனைக்குப் பொறுப்பாளர். சான்றிதழில் அவர் கையெழுத்து இருந்தால்தான் பெட்டி வெளியே போகும். மேசையில் இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள், எல்லாரும் டொக்கு அக்காக்கள்தான். மாதம் ஒருமுறையாவது பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் என் வீட்டுக்கு வந்து வேர்க்கடலைத் துவையல் கொடுத்துவிட்டுப் போவார். போன வாரம் வந்தபோது, புது பிஸ்கட் வந்திருக்கிறதாமே என்று கேட்டார்.

வந்திருக்கிறது. இன்று காலை ஓட்டிப் பார்த்தேன். திரை முன்போலக் கண்ணைப் பறிக்கவில்லை, கடிகாரம் நம் ஊர் நேரத்தையே காட்டுகிறது, தமிழ் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒலி வரவில்லை. ஒரு கருவி திறந்ததும் மூடிக்கொள்கிறது. நம்பிக்கையான சரக்கு, இன்னும் ஒரு சூடு வேண்டும். குறைகளை எழுதி அனுப்ப உட்கார்ந்திருக்கிறேன். எழுதத் தொடங்கும் முன் தப்பு என் பக்கம்தானா என்று என் மெஷினை இரண்டு முறை பார்த்துக்கொள்வது இப்போது பழக்கமாகிவிட்டது. அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. பென்டிரைவை நகர்த்திவிட்டு, அக்காவின் நீலக் குறி போட்ட அந்த இன்சுலேட்டரை எடுத்து விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

டொக் என்றது. இத்தனை வருடத்தில் அது எனக்கு ஒருமுறைகூட ஓக்கே என்று கேட்டதில்லை.